பாலத்துத் தடியனும் பிரேக் அக்காவும்

பஸ் டிப்போவில் அவளுக்கு பிரேக் அக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள். நடைபாதையில் நிற்கிற ஆள் சாலையில் கால் வைக்கப்போகிறான் என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அவன் காலைத் தூக்கும்போது அவள் கால் பிரேக்கில் இருக்கும். பின்னால் நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து திட்டுவார்கள். திட்டட்டும். பத்தொன்பது வருடத்தில் அவள் வண்டி ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை.

அப்படிப்பட்டவள், நின்றுகொண்டிருந்த வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்தாள். வண்டி கழுவுகிற கொட்டகையில் யாரோ சோப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைக்காமல் போயிருந்தார்கள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது விரல்கள் விறைத்துப்போய், சாவியைப் பிடிக்கக்கூட வளையாமல் நின்றன. இன்னும் இரண்டு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லி, பிசியோதெரபிப் பெண் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினாள். ஒரு நாளைக்கு முந்நூறு முறை அழுத்த வேண்டும்.

நாற்பது முறை அழுத்துவதற்குள் அவளுக்கு உலகத்தின்மேல் வெறுப்பு வந்துவிடும். பந்தைச் சுவரில் எறிவாள். அது திரும்பி வந்து காலடியில் நிற்கும்.

இதைக் கேள்விப்பட்டு மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான். டிவியில் மாட்டி, கையில் பொத்தான்கள் வைத்த கருவி ஒன்றைக் கொடுத்தான்.

"பந்தைவிட இது நல்லது அத்தை. பத்து விரலுக்கும் வேலை இருக்கு. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கை ஆபரேஷனுக்கு அப்புறம் இதை விளையாடித்தான் தேறினார்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா மாப்ளை?"

"ஒரு தடவை பாருங்க. பிடிக்கலைன்னா நான் எடுத்துட்டுப் போயிடறேன்."

சாமுராய் விளையாட்டு அது. எஜமானை இழந்த ஒரு வாள்வீரன், மலையும் ஆறுமாக இருக்கிற தேசத்தில் தன்னந்தனியாக நடந்துபோகிறான். வழியில் கொள்ளைக்காரர்கள், கூலிப்படை, குதிரைவீரர்கள். எவனாவது வாளை ஓங்குவதற்கு அரை நொடி முன்னால் அவன் தோள் லேசாக எழும்பும். அந்த அரை நொடியில் விலகிவிட்டால் தப்பித்தோம். அவளுக்கா இது தெரியாது? முதல் நாளே ஒரு கூட்டத்தை அடித்துத் துவைத்துவிட்டாள். மருமகன் வாயைப் பிளந்தான்.

"அத்தை, எனக்கே இந்த இடத்தைத் தாண்ட நாலு நாள் ஆச்சு!"

எல்லாம் நன்றாகத்தான் போனது, குடுவை வரும்வரை.

மூன்றாவது ஊரில் ஒரு கிழவன் வீரனுக்கு ஒரு சுரைக்குடுவையைக் கொடுத்தான். வீரன் அதை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டான். திரையில் மூன்று படங்கள் வந்தன: ஒரு வாய், ஒரு வாள், தரையில் வைத்த ஒரு குடுவை.

"இது என்ன மாப்ளை, தண்ணியா?"

மருமகன் உற்சாகமாக விளக்க ஆரம்பித்தான். "அரிசியில காய்ச்சின சாராயம் அத்தை. இந்த விளையாட்டுல முக்கியமான ஆயுதமே இதுதான். ஒரு மடக்கு குடிச்சா காயம் ஆறிடும். ரெண்டாவது மடக்குல வெறி ஏறும், அடி ஒவ்வொண்ணும் மூணு அடிக்குச் சமம். மூணாவது மடக்குக்கு உடம்புல வெட்டு விழுந்தாலும் வலிக்காது. வாள்ல ஊத்தினா வாள் தீப்பிடிக்கும். அளவு மீறினாத்தான் தள்ளாடுவான், அதுக்குள்ள சண்டையை முடிச்சிடணும்..."

பேசிக்கொண்டே போனவன் பாதியில் நிறுத்தினான். மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு, ஜன்னலோரம் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த மாமனாரையும் பார்த்தான். மாமனார் செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்திருந்தார்.

அவள் மூன்றாவது படத்தை அழுத்தினாள். வீரன் குடுவையை இடுப்பிலிருந்து அவிழ்த்துச் சாலையோரம் வைத்தான். அவனை நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

இந்த இடத்தில் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். கைத்தொழிலில் கெட்டிக்காரர். கல்யாணமான நாளிலிருந்து இருபத்திரண்டு வருடம் குடித்தார். இரண்டு போட்டால்தான் கை நடுங்காமல் வேலை ஓடும் என்பார். உடம்பு வலிக்குப் போடுகிறேன் என்பார். தைரியத்துக்கு, தூக்கத்துக்கு, சளிக்கு என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு காரணம் வைத்திருப்பார். விடுமுறை நாளென்றால் மத்தியானமே ஆரம்பித்துவிடுவார். தட்டு பறக்கும், செருப்பு பறக்கும், ஒரு தடவை இஸ்திரிப் பெட்டி பறந்தது. தான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை என்று இன்றைக்கும் சொல்வார். குறி பார்த்து அடித்ததில்லை என்று அவள் திருத்துவாள்.

கெஞ்சினாள், அழுதாள், பேசாமல் இருந்து பார்த்தாள், மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தாள். எதற்கும் அசையவில்லை அந்த மனுஷன். எட்டு வருடத்துக்கு முன்னால் பல் வலி என்று பல் டாக்டரிடம் போனார். ஈறெல்லாம் கெட்டுவிட்டது, இப்படியே குடித்தால் முன்பல் நாலும் போய்விடும் என்றார் டாக்டர். அன்றைக்கு நிறுத்தியவர்தான். இன்றுவரை ஒரு சொட்டுத் தொடவில்லை.

எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள். கொடுத்துவைத்தவள், புருஷன் திருந்திவிட்டார் என்றார்கள். அவளுக்குச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நினைக்க நினைக்க எரியும். இருபத்திரண்டு வருடத்துக் கண்ணீர் நாலு முன்பல்லுக்கு ஈடாகவில்லையே என்று எரியும். அதை யாரிடம் சொல்வது?

ஆகவே விளையாட்டில் குடுவை கிடைத்த இடத்திலெல்லாம் அதை இறக்கி வைத்துவிட்டு நடந்தாள். ஆற்றங்கரையில் ஒன்று, கோட்டை வாசலில் ஒன்று, வைக்கோற்போருக்குப் பக்கத்தில் ஒன்று. காயம் பட்டால் மூலிகையைத் தேடிப் பறித்துக் கட்டினாள். அதற்கு மூன்று மடங்கு நேரமானது. ஆகட்டும். அவளுக்கு என்ன, ஓட்டுவதற்குப் பஸ்ஸா காத்துக்கொண்டிருந்தது?

இப்படியே பாலம்வரை வந்துவிட்டாள்.

பாலத்தின் நடுவில் ஒருவன் நின்றான். இரண்டு ஆள் உயரம். உடம்பு முழுக்க இரும்புக் கவசம். கையில் தூண் கனத்துக்கு ஒரு தடி. அவனுக்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் இருந்தது. அவள் தடியன் என்று வைத்துக்கொண்டாள். அவன் தடியை ஒரு தடவை சுழற்றினால் வீரன் காலி. அவள் வாளால் பத்து முறை வெட்டினாலும் திரையில் அவன் உயிரைக் காட்டுகிற கோடு ஒரு மயிரிழைதான் குறைந்தது. குடித்துவிட்டு, வாளிலும் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு வந்தால்தான் அந்தக் கவசம் பிளக்கும். விளையாட்டை அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள்.

முதல் நாள் பதினொரு முறை செத்தாள். இரண்டாம் நாள் பத்தொன்பது. காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். விரல்கள் என்னவோ நன்றாகத்தான் வளைய ஆரம்பித்தன. மனசுதான் முறுக்கிக்கொண்டது.

போதாக்குறைக்குக் கணவர். அவருக்கு அந்த வாரம் மதிய ஷிப்ட். காலை முழுக்க வீட்டில். அவளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"இடது பக்கம் போயிருக்கலாம்."

அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

"கொஞ்சம் முன்னாடியே குதிச்சிருக்கணும்."

"பஸ்ல டிரைவருக்குப் பின்னால எழுதி வெச்சிருக்கும், படிச்சிருக்கீங்களா?"

"என்ன?"

"டிரைவரிடம் பேசாதீர்கள்னு."

மகள் தினமும் போனில் கூப்பிட்டாள். அவளும் அந்தப் பாலத்தைத் தாண்டியவள்தான், கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து விளையாடியவர்கள். அம்மாவின் பிடிவாதம் அவளுக்குப் புரியவேயில்லை. அந்தப் புரியாமை உச்சத்துக்குப் போனது, பிரேக் அக்கா பிசியோதெரபிக்குக் காத்திருந்த ஒரு காலைநேரத்தில்.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர். கழுத்துப்பட்டை போட்ட ஒருவர், ஊன்றுகோல் வைத்த ஒருவர், முழங்கால் வலிக்காரர்கள் நாலைந்து பேர். போன் அடித்தது. வலது கை இன்னும் சொன்னபடி கேட்காததால் தடவித் தடவி எதையோ அழுத்தினாள். ஸ்பீக்கரில் மகளின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, இன்னிக்காவது குடிச்சியா இல்லையா?"

கழுத்துப்பட்டைக்காரர் உடம்போடு திரும்பிப் பார்த்தார்.

"ஏய், மெதுவா..."

"என்ன மெதுவா! எழுபது தடவை அடி வாங்கியிருக்கே. சொன்னா கேளும்மா. ரெண்டு மடக்கு ஊத்திக்கோ, வெறி ஏறட்டும், போய் அவனை ஒரே வெட்டா வெட்டு! முடிஞ்சுது கதை!"

அவள் போனை அணைக்கப் பார்த்தாள். சத்தம்தான் இன்னும் கூடியது.

"அப்பா குடிச்சதுக்கு நீ ஏம்மா இப்படிப் பண்றே? நீ குடிச்சா ஒண்ணும் ஆகாது!"

உள்ளே இருந்து பிசியோதெரபிப் பெண் எட்டிப் பார்த்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவள் எழுந்து போகும்போது, ஊன்றுகோல்காரர் காலை மடக்கி மரியாதையாக வழிவிட்டார். உள்ளே போனதும் அந்தப் பெண் கதவைச் சாத்திவிட்டு, மிக மென்மையான குரலில் கேட்டாள்.

"வீட்டுல எல்லாம் சரியா இருக்கா அக்கா? ஏதாவது உதவி வேணும்னா..."

"விளையாட்டும்மா! டிவி விளையாட்டு!"

"சரிங்க அக்கா," என்றாள் அந்தப் பெண். நம்பவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றி உதறினாள். கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தாள், சண்டை போடலாம் என்று தயாராகக்கூட இருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எட்டு வருஷமாச்சு," என்றார். "நான் நிறுத்தி எட்டு வருஷமாச்சு. இன்னும் ஒரு பொம்மைகூட உன் கண் முன்னால குடிக்கக் கூடாதா?"

"பொம்மை குடிக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்லை. குடிச்சா காயம் ஆறும், பலம் வரும், வலிக்காதுன்னு சொல்லுது பாருங்க, அதுதான் எனக்கு ஆகலை. இதே வசனத்தை இருபத்திரண்டு வருஷம் கேட்டிருக்கேன். எந்தக் காயம் ஆறிச்சு?"

அவர் நாற்காலியை அவளுக்குப் பின்னால் இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து கருவியைக் கையில் எடுத்தாள். எழுபத்தோராவது முறை செத்தாள். எழுபத்திரண்டாவது முறை பாலத்தில் கால் வைத்ததுமே செத்தாள். கருவியைச் சோபாவில் வீசினாள்.

பின்னாலிருந்து அவர் தொண்டையைச் செருமினார்.

"கோட்டை வாசல்ல வெச்சியே ஒரு குடுவை. அதைப் போய் எடுத்துட்டு வா."

அவள் மெதுவாகத் திரும்பினாள். "என்ன சொன்னீங்க?"

"எடுத்துட்டு வா."

"என்னையா? நீங்களா என்னை எடுக்கச் சொல்றீங்க?"

"நீ குடிக்க வேண்டாம். உன் ஆளும் குடிக்க வேண்டாம். கொண்டுபோய் அந்தத் தடியன் முன்னால வெச்சுட்டு விலகி நில்லு."

"வெச்சா?"

அவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். தடியனின் காலுக்குப் பின்னால், பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம், உடைந்த ஜாடித் துண்டுகள் ஒரு குவியலாகக் கிடந்தன. எழுபத்திரண்டு முறை அந்தப் பாலத்துக்கு வந்துபோனவள் ஒரு முறைகூட அதைப் பார்க்கவில்லை.

"அவன் மூக்கைப் பாரு. சிவந்திருக்கு," என்றார். "காலையில கை நடுங்குது. தடியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிக்கிறது பலத்தைக் காட்ட இல்லை, நடுக்கம் தெரியக் கூடாதுன்னுதான். கீழே ஒண்ணு கிடந்தா அவனால தாண்டிப் போக முடியாது."

"இது எப்போலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?"

"முதல் நாள்லேர்ந்து."

"முதல் நாள்லேர்ந்தா? என் கை ஒடியறமாதிரி நான் இங்க செத்துச் செத்து விழறேன், இடது பக்கம் போ, வலது பக்கம் போன்னு சொல்லத் தெரிஞ்சவருக்கு இதைச் சொல்ல வாய் வரலையா?"

அவர் திரும்பவும் நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்படித் தெரியும்னு நீ கேட்பியே," என்றார்.

அதற்குமேல் அவளால் கத்த முடியவில்லை. கோட்டை வாசலுக்குத் திரும்பிப் போனாள். வைத்த இடத்திலேயே இருந்தது குடுவை. எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்து, தடியனுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்.

தடியன் தடியை ஓங்கியவன், ஓங்கியபடியே நின்றான். தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தான். தடியை இறக்கினான். குனிந்து குடுவையை எடுத்து, ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்துவிட்டு, சுவரில் அடித்து உடைத்தான்.

அப்புறம்தான் வந்தது வினை. அதுவரை தடியனின் அடிகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. இரண்டு குறுக்கு அடி, ஒரு நேர் அடி, கொஞ்சம் மூச்சு. குடித்த பிறகு ஒழுங்காவது ஒன்றாவது? எந்த அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவனுக்கே தெரியவில்லை. இடது பக்கம் ஓங்கி வலது பக்கம் விழுவான். அடிக்கப்போனவன் தடுக்கித் தலையால் முட்டுவான். ஒவ்வொரு அடியும் முன்னைவிட இரண்டு மடங்கு வேகம். இந்தத் தந்திரம் தெரிந்தவர்கள்கூட இதைச் செய்யத் துணிவதில்லை என்று மருமகன் பிற்பாடு சொன்னான். குடித்த தடியனிடம் பத்து நொடி தாக்குப்பிடித்தவர்களை அவன் பார்த்ததில்லையாம்.

அவள் மேல் ஓர் அடிகூட விழவில்லை.

அவள் தடியைப் பார்க்கவேயில்லை. தோளைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். குடித்தவன் அடிப்பதற்கு முன்னால் அவன் எடை எந்தக் காலுக்குப் போகிறது, கை எங்கே ஆதாரம் தேடுகிறது, எந்த நொடியில் தான் எதற்காகக் கோபப்பட்டோம் என்பதை மறந்து நிற்பான், எந்த நொடியில் மறந்ததற்காக இன்னும் கோபப்படுவான் என்று எல்லாமே அவளுக்குத் தெரியும். விரல்கள் தாமாக ஓடின. சோபாவில் உட்கார்ந்திருந்த உடம்பும் கூடவே ஆடியது. இடது தோளைத் தாழ்த்தினாள். தலையைச் சட்டென்று வலப்பக்கம் சாய்த்தாள். ஒருமுறை, அடிபட்ட கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, உடனே இறக்கினாள்.

"இப்போ வேர்க்கும் அவனுக்கு," என்றாள், யாரிடமென்று இல்லாமல். "சட்டையைக் கழட்டுவான் பாருங்க."

சொல்லி வாய் மூடவில்லை. தடியன் புழுக்கம் தாங்காதவன்போல மார்புக் கவசத்தின் வாரைப் பிடித்து இழுத்து, கழற்றி ஆற்றில் எறிந்தான். வெற்று மார்போடு நின்றவனை நாலு வெட்டு வெட்டினாள். உயிர்க்கோடு பாதிக்கும் கீழே சரிந்தது. இன்னும் இரண்டு வெட்டு. தடியன் பின்னால் நடந்து, சுவரில் முதுகை வைத்துச் சறுக்கி, தரையில் உட்கார்ந்தான். தலை தொங்கியது. குறட்டைவிட ஆரம்பித்தான்.

திரையில் ஒரு வாளின் படம் மின்னியது. அழுத்தினால் அவன் கதை முடியும்.

அவள் அழுத்தவில்லை. வீரனை ஓரமாக, சுவரோடு ஒட்டி, அடிமேல் அடிவைத்து நடத்தினாள். நீட்டிக் கிடந்த காலைத் தாண்டவைத்தாள். பாலத்தைக் கடந்த பிறகுதான் மூச்சு விட்டாள். பத்து நாள் எரிச்சலும் ஒரே நேரத்தில் இறங்கியதில் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"பார்த்தீங்களா!" என்று திரும்பினாள்.

நாற்காலி காலியாக இருந்தது. சமையலறையில் குழாய்த் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

அவர் கழுவுகிற தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கழுவுவதற்கு அதில் ஒன்றுமில்லை.

"ஜெயிச்சாச்சு, அதைப் பார்க்காம இங்க என்ன பண்றீங்க?"

"நான் அவனைப் பார்க்கலை," என்றார், திரும்பாமல். "உன்னைப் பார்த்துட்டு இருந்தேன்."

அவள் சமையலறை வாசலில் நின்றாள்.

"நீ தலையைச் சாய்ச்சியே. கையைத் தூக்கினியே. அதெல்லாம் எங்கே கத்துக்கிட்டே?"

"எங்கே கத்துக்குவாங்க? டிரைவிங் ஸ்கூல்லயா?"

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர் கேட்டார்: "நான் உன்கிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கேனா?"

"கேட்டிருக்கீங்களே. தினமும் கேட்டீங்க. கால்ல விழுந்தெல்லாம் கேட்டிருக்கீங்க. எல்லாம் குடிச்சுட்டு."

"குடிக்காம?"

"இல்லை."

அவர் திரும்பினார். முகம் ஈரமாக இருந்தது, கழுவியிருப்பார். "மன்னிச்சிடு," என்றார். "அப்போ நடந்ததுக்கெல்லாம்... எனக்கு முழுசா ஞாபகம்கூட இல்லை. இருந்தாலும் மன்னிச்சிடு."

"சரி, சரி. முதல்ல குழாயை மூடுங்க."

இத்தனை வருடம் எதிர்பார்த்த வார்த்தை. அது வந்த நாளில் மனசு குளிரும், லேசாகும் என்றெல்லாம் அவள் ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. கோபம்தான் வந்தது. அடுத்த மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசக்கூட முடியவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பும்போது சாவி எங்கே என்று அவர் கேட்டால் எரிந்து விழுந்தாள். இரண்டு வார்த்தை சொல்ல எட்டு வருடமா, அதையும் ஒரு பொம்மை குடித்து விழுந்து காட்டினால்தான் சொல்ல வருமா என்று பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். மகளிடம் சொன்னபோது, "அதான் கேட்டுட்டாரேம்மா," என்றாள் மகள். பிரேக் அக்கா போனை வைத்துவிட்டாள். தூங்கிக்கொண்டிருந்த தடியனைக் கொல்லாமல் வந்ததால் பரிசாகக் கிடைக்கிற ஓர் அருமையான கவசம் கைவிட்டுப் போயிற்று என்பதுதான் மகளுக்குப் பெரிய குறை.

"தூங்குறவனை எழுப்பக் கூடாதும்மா," என்று மறுநாள் பிரேக் அக்காவே மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள். "எழுப்பினா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பான்."

மறுமுனையில் மகள் கவசத்தைப் பற்றிய பேச்சை அத்தோடு விட்டாள். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வரேம்மா," என்றாள்.

நாலாம் நாள் காலையில் அவள் ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டிருந்தபோது கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லாததையெல்லாம் சொல்லு," என்றார்.

"எதுக்கு?"

"உனக்கு மட்டும் ஞாபகம் இருக்குன்னா, நீ மட்டும்தானே சுமந்துட்டிருக்கே."

அவள் பந்தை அழுத்திக்கொண்டே யோசித்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டி பறந்த நாளைச் சொன்னாள். அன்றைக்கு மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் மேடை ஏறுகிற நாள் என்பதும், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது அந்தச் சட்டையைத்தான் என்பதும் அவருக்குத் தெரியவே தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தார். எழுந்து போகவில்லை. அடுத்த நாள் வேறொன்று சொன்னாள். அதற்கடுத்த நாள் வேறொன்று. தினமும் முந்நூறு அழுத்தலுக்கு ஒரு கதை என்று ஆகிப்போனது. சில நாள் அவர் மறுத்துப் பேசுவார்.

"அந்தக் கண்ணாடி ஜன்னலை நான் உடைக்கலை. அது காத்துல உடைஞ்சது."

"காத்துக்குச் செருப்பு நம்பர் ஒன்பதா?"

சில நாள் அவரே கையை உயர்த்தி, இன்றைக்கு இது போதும் என்பார். அவள் விடுவாள். சில நாள் விடமாட்டாள்.

இரண்டு மாதம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே சந்தை முனையில் ஓங்கி ஒரு பிரேக் அடித்து, வண்டி நிறையத் திட்டு வாங்கினாள். பிசியோதெரபிப் பெண் மட்டும் கடைசி நாள் வரை அவளை விசாரித்துக்கொண்டே இருந்தாள், ஒரு உதவி எண்ணையும் சீட்டில் எழுதிக் கையில் திணித்தாள். அதை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்து, வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

விளையாட்டுப் பெட்டியை மருமகன் திருப்பிக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. வார விடுமுறை நாளில் காலையில் உட்கார்ந்துவிடுவாள், பின்னால் நாற்காலியில் அவர். இப்போது மலைக்கோயில் படிக்கட்டில் வில்லோடு நிற்கிற ஒருத்தியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வெள்ளைத் துணி கட்டிய, கண் சிமிட்டாத ஒருத்தி. குடுவையை முன்னால் வைத்துப் பார்த்தாயிற்று. அந்த வில்காரி அதை அம்பால் அடித்து உடைத்துவிட்டு நிதானமாக அடுத்த அம்பை எடுக்கிறாள். கை நடுங்குவதில்லை, வேர்ப்பதில்லை, தோள்கூட அசைவதில்லை.

"இவ குடிக்காதவ," என்கிறார் கணவர் பின்னாலிருந்து. "இவளைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்ப வாயை மூடிட்டு உட்காருங்க," என்கிறாள் பிரேக் அக்கா. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் முப்பத்து நாலாவது கோட்டைப் போட்டுவிட்டு, மறுபடியும் முதல் படியிலிருந்து ஏற ஆரம்பிக்கிறாள்.